மனக் கவலையும் இரத்தக் கொதிப்பும்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இரத்தக் கொதிப்பு, உட்கார்ந்து உண்பவர்களின் வியாதி. பால் வெட்டுகிறவர்களை அது அண்டாது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது தவறு. 2019-ஆம் ஆண்டில் நம் நாட்டில் நடந்த சுகாதார ஆய்வில், வயது வந்தோரில் பத்துப் பேருக்கு மூவர் இந்நோய் உடையவர்கள் எனத் தெரிந்தது. அவர்களில் பாதிப் பேர் அதை அறியாமலே இருந்தார்கள்.

இதில் கவலைக்கு என்ன பங்கு? நிரையில் பாம்பைக் கண்டால் நெஞ்சு படபடக்கிறது. அட்ரினலின் என்னும் சுரப்புநீர் இரத்தத்தில் கலக்கிறது, குழாய்கள் சுருங்குகின்றன, அழுத்தம் ஏறுகிறது. பாம்பு போனதும் இறங்கிவிடுகிறது. ஆனால், போகாத கவலை இருந்தால்? உடல் ஓயாமல் காவல் நிற்கிறது. தூக்கம் கெடுகிறது. மதுவும் சிகரெட்டும் துணைக்கு வருகின்றன. வயது, பரம்பரை, உப்பு ஆகியவற்றோடு இதுவும் சேர, குழாய்கள் தடித்து, ஏறிய அழுத்தம் ஏறியபடியே நின்றுவிடுகிறது.

நம்மை விட்டுப் போகாத பாம்பு எது? மழை பெய்தால் வெட்டில்லை. வேலை போனால் வீடும் போகும். 1950-களிலும் 60-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நம் பெற்றோர் இந்த அச்சத்திலேயே வாழ்ந்தார்கள். அதற்கு மாற்றாக 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்திய பணம் அதன் முதலாயிற்று. அது வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சிடிம்.

இங்கிலாந்தில் 1967-இல் அரசாங்க ஊழியர்களிடையே ஓர் ஆய்வு தொடங்கிற்று. மேலதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்கள் மும்மடங்குக்கு மேல் இருதய நோயால் மாண்டார்கள். புகைப்பழக்கமும் கொழுப்பும் இந்த வேற்றுமையில் ஒரு பகுதியைத்தான் விளக்கின. தன் வேலைமீது தனக்கு அதிகாரம் இல்லாத நிலையும் உடலைத் தின்கிறது என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. தலைக்கு மேலே அதிகாரம் செய்பவருக்கே கொதிப்பு என்ற பேச்சு அதோடு பொய்த்தது.

ஆகவே தோழர்களே, தலைவலி வரட்டும் என்று காத்திராதீர்கள். இந்நோய் பெரும்பாலும் சத்தமின்றியே வரும். பாரிசவாதமாகவும் சிறுநீரகக் கேடாகவும் வெளிப்படும். சுங்கைப் பட்டாணி, கூலிம், பாலிங் செல்லும் நாளில் சுகாதார நிலையத்தில் அழுத்தத்தை அளந்து பாருங்கள். பல முறை அளந்தும் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் நின்றால் டாக்டர் சொற்படி நடங்கள். உடம்பு நன்றாயிருக்கிறது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

மாத்திரையை டாக்டர் கொடுப்பார். மழைநாளிலும் குறையாத சம்பளத்தையும், ஓய்வுக்குப் பின் ஒண்ட ஒரு வீட்டையும் எந்த மருந்துக் கடையிலும் வாங்க முடியாது. அவற்றை நாம் ஒன்றுபட்டுத்தான் பெற வேண்டும்.