சங்கிலியும் பெயர்ப்பலகையும்

(பகுத்தறிவுப் பிரசாரக் கூட்டமொன்றில் தோழர் ஒருவர் செய்த சொற்பொழிவு)



நான் வழக்கம்போல் கடவுளைப் பற்றியும், ஜாதியைப் பற்றியும்தான் பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்து வந்திருக்கலாம். இன்று நான் பேசப்போவது, "பைத்தியம்" என்று நாம் கொஞ்சமும் வாய்கூசாமல் சொல்லும் மனநோயாளிகளை வைத்துப் பராமரிப்பதாகச் சொல்லும் சிறு சிறு காப்பகங்களைப் பற்றியதாகும். "இதற்கும் சுயமரியாதைக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். தன் மானத்தைத் தானே காத்துக்கொள்ள முடியாத நிலையிலுள்ள ஒருவனுடைய மானத்தைக் காப்பதைவிடப் பெரிய சுயமரியாதை வேலை வேறென்ன இருக்கிறது என்பதுதான் அவர்களுக்கு என் பதில்.

தோழர்களே! இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் 2001ஆம் வருஷம் ஆகஸ்டு 6ந் தேதி விடியற்காலையில் நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அங்கே தர்காவை அண்டி நடந்துவந்த ஒரு தனியார் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிப் போடப்பட்டிருந்த மனநோயாளிகள் எழுந்து ஓட முடியாமல் வெந்து மாண்டார்கள். மாண்டவர்கள் 28 பேர். தீ அவர்களைத் துரத்திப் பிடிக்கவில்லை. அவர்களை நாம் தீக்காகக் கட்டிவைத்திருந்தோம்.

அவர்களுக்கு அங்கே நடந்த வைத்தியம் என்ன? தர்காவின் தண்ணீர், விளக்கெண்ணெய், பிரம்படி. எப்போது வீட்டுக்குப் போகலாம் என்பதற்கு டாக்டர் சீட்டா? இல்லை. கனவில் உத்தரவு வரவேண்டுமாம்! சிலருக்கு இரண்டு மாதத்தில் வருமாம். சிலருக்கு வருஷக்கணக்கில் வராதாம். கனவில் வரவேண்டிய உத்தரவு வரும்வரை மாதாமாதம் பணம் மட்டும் தவறாமல் வரவேண்டும். இந்த ஏற்பாட்டின் அழகை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இதைக் கேட்டு, "அது துலுக்கர் தர்கா அல்லவா?" என்று எந்த வைதீகரும் சந்தோஷப்பட வேண்டாம். அங்கே பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டவர்களில் எல்லா மதத்தாரும் இருந்தார்கள். கோயிலில் உடுக்கையடித்து வேப்பிலையால் விளாசுகிறவனும், ஜெபக்கூட்டத்தில் தலையில் கைவைத்துச் சாத்தானை விரட்டுகிறவனும், தாயத்துக் கட்டுகிறவனும் ஒரே கடைச் சரக்கை வெவ்வேறு பொட்டலத்தில் விற்கிறவர்களே ஆவார்கள்.

அந்தத் தீக்குப் பிறகு அங்கிருந்த அம்மாதிரிக் காப்பகங்கள் மூடப்பட்டன. சுப்ரீம் கோர்ட்டு தானாகவே அந்த விஷயத்தை எடுத்து விசாரித்தது. நடத்தியவர்களுக்கு 2007இல் தண்டனையும் விதிக்கப்பட்டது. "அப்படியானால் விஷயம் முடிந்துவிட்டதே, ஏன் இன்னும் பேசுகிறாய்?" என்றால், முடியவில்லை என்பதற்கு என் குடும்பமே சாட்சி. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லியாகவேண்டும்.

என் தமக்கை மகனுக்கு 24 வயதில் காதில் ஏதேதோ குரல் கேட்க ஆரம்பித்தது. இரண்டு வருஷம் மந்திரவாதிகளிடம் அலைந்ததில் என் தமக்கையின் தோடும் மூக்குத்தியும் போயிற்று. பிறகு நான் சண்டைபோட்டு சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். மாத்திரையில் நல்ல குணம் தெரிந்தது. ஆனால் தமக்கையோ வயதானவள். வேளைக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. எனவே பக்கத்து ஊரில், 22 பேரை வைத்திருந்த ஒரு சிறு காப்பகத்தில் சேர்த்தேன். வாசலில் பெரிய பெயர்ப்பலகை இருந்தது. அதில் சாமி படம் இல்லை. "மனநலம்" என்று எழுதியிருந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது. "அடிக்கடி வந்து பார்த்தால் பையன் மனது கலங்கும்" என்றார்கள். அதையும் நம்பினேன். மாதாமாதம் பணம் அனுப்பிவிட்டு, எட்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. அந்த எட்டு மாதத்தில் ஊர் ஊராய்ப் போய், "எதையும் ஏன், எப்படி என்று கேளுங்கள்" என்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன்!

ஒருநாள் சொல்லாமல் போய் நின்றேன். பையன் தலை மொட்டையடிக்கப்பட்டிருந்தது. யாருடையதோ ஒரு சட்டையை மாட்டியிருந்தான். என்னைக் கண்டதும் அவன் கேட்ட முதல் வார்த்தை, "மாமா, என் சட்டை எங்கே?" என்பதுதான். 22 பேருக்குக் கக்கூஸ் ஒன்று. அதற்கும் உள்தாழ்ப்பாள் இல்லை. என்ன மாத்திரை கொடுக்கிறீர்கள் என்றேன். சீட்டைக் காணோம் என்றார்கள். டாக்டர் கடைசியாக என்றைக்கு வந்தார் என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரவில் கதவை வெளியே பூட்டுவார்களாம். சாவி யாரிடம் என்றேன். காவல்காரரிடமாம். அவர் கடைத்தெருவுக்கு டீ குடிக்கப் போனால்? சாவியும் கூடவே போகுமாம்!

எனக்கு அந்த இடத்திலேயே ஏர்வாடி ஞாபகம் வந்தது. அங்கே காலில் பூட்டினார்கள். இங்கே கதவில் பூட்டினார்கள். என் தமக்கை சாமியை நம்பி ஏமாந்தாள். நான் பெயர்ப்பலகையை நம்பி ஏமாந்தேன். இதில் எது பகுத்தறிவு? கேட்காமல் நம்பியது எதுவாயிருந்தாலும் அது மூடநம்பிக்கைதானே? பையனை அன்றே அழைத்து வந்துவிட்டேன். இப்போது எங்களோடு இருக்கிறான். மாத்திரை சாப்பிடுகிறான், அரைநாள் ஒரு கடையில் வேலையும் பார்க்கிறான். சில மாதம் தொல்லை வருகிறது, டாக்டரிடம் போகிறோம், தணிகிறது. மாயமந்திரம் ஒன்றுமில்லை.

நிற்க, "அந்த மாதிரி ஆட்களை அடைத்துவைக்காமல் வேறென்ன செய்வது?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். இங்கிலாந்தில் யார்க் என்ற ஊரில், 1790இல் குவேக்கர் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு பெண் பைத்தியக்கார விடுதியில் இறந்துபோனாள். அவளைப் பார்க்கப் போனவர்களை உள்ளே விடவில்லை. இதைக் கேள்விப்பட்ட வில்லியம் டியூக் என்பவர் 1796இல் தாமே ஒரு சிறு இல்லத்தைத் திறந்தார். அவர் டாக்டரல்ல, டீ வியாபாரி. அங்கே சங்கிலி இல்லை, அடி இல்லை. தோட்ட வேலை, நல்ல சாப்பாடு, மரியாதையான பேச்சு இவைதான். அவர் மதப்பற்றுள்ளவரே, ஆனாலும் பேயோட்டவில்லை, மனிதனை மனிதனாக நடத்தினார். நல்ல மருந்து ஒன்றுமே இல்லாத அந்தக் காலத்தில் இது முடிந்தது. மனநோய்க்குக் குணம் தரும் மருந்துகள் 1950களிலேயே வந்துவிட்ட பிறகு, நம்மால் முடியாது என்றால் அதற்கு என்ன பொருள்? மனமில்லை என்றுதானே பொருள்?

தோழர்களே! சட்டமும் நம் பக்கமே இருக்கிறது. 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதத்தில் அமலுக்கு வந்தது. அதன்படி மனநோயாளி எவரையும், எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது. கட்டாயமாக மொட்டையடிக்கக்கூடாது. விரும்பினால் தன் சொந்த உடையை அணிந்துகொள்ள அவனுக்கு உரிமையுண்டு. சுத்தமான இடம், நல்ல உணவு, மறைவான கக்கூஸ், பெண்களுக்கு மாதவிடாய்க் காலத்துக்கு வேண்டிய பொருள் ஆகியவை தரவேண்டும். கூலியில்லாமல் வேலை வாங்கக்கூடாது. ஆள் போதவில்லை என்ற காரணத்துக்காக ஒருவனைக் கட்டிவைக்கவோ, தனியறையில் அடைக்கவோ கூடாது. பதிவு செய்யாமல் காப்பகம் நடத்தினால், முதல் தடவையே 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம்.

இன்னொன்றையும் கேளுங்கள். ஊர் வழக்கத்துக்கோ, மத நம்பிக்கைக்கோ ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக்கூடாது என்றும் அந்தச் சட்டம் சொல்லுகிறது. ஜாதி மாறிக் காதலித்த பெண்ணுக்குப் "பேய் பிடித்துவிட்டது" என்று பூசாரியிடம் இழுத்துப்போகும் தகப்பன்மார்கள் இதைக் காது கொடுத்துக் கேட்கவேண்டும்.

ஆனால் சட்டப் புத்தகம் தானாக எழுந்து நடந்துபோய்க் காப்பகத்தின் கதவைத் தட்டாது. தட்டவேண்டியவர்கள் நாம்தான். உங்கள் சொந்தக்காரர் எவரேனும் அம்மாதிரி இடத்தில் இருந்தால், சொல்லாமல் போங்கள். போய் இவற்றைக் கேளுங்கள்: பதிவுச் சான்று எங்கே? டாக்டர் கடைசியாக வந்தது எந்தத் தேதி? மாத்திரைச் சீட்டு எங்கே? அவர் சொந்தத் துணி எங்கே? வீட்டுக்குப் போனில் பேச விடுகிறீர்களா? இரவில் எத்தனை ஆள் விழித்திருக்கிறார்கள்? சாவி யாரிடம் இருக்கிறது? பிறகு நோயாளியிடம் தனியே உட்கார்ந்து பேசுங்கள். "பைத்தியம் சொல்லுவதை நம்பலாமா?" என்பார்கள். "என் சட்டை எங்கே?" என்று கேட்டவனைவிட நியாயமாகப் பேசியவர் அந்தக் காப்பகத்தில் வேறு எவரும் இல்லை என்பதை நான் என் கண்ணால் பார்த்தவன்.

ஒழுங்காக நடத்துகிறவர்கள் இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். சந்தோஷமாகக் கதவைத் திறந்து காட்டுவார்கள். கோபித்துக்கொண்டால் மாநில மனநல ஆணையத்துக்கு எழுதுங்கள். வீட்டில் எவருக்கேனும் மனது சரியில்லை என்று பட்டால், மந்திரவாதிக்குப் போகும் பஸ் சத்தத்தில் ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அல்லது 14416 என்ற இலவச நம்பருக்குப் போன் செய்யுங்கள்.

நான் சொன்னதற்காக எதையும் நம்பவேண்டாம். அப்படி நம்பித்தான் நான் எட்டு மாதம் கெட்டேன். நேரில் போய்ப் பாருங்கள், விசாரியுங்கள், உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறேன்.