தாடையெலும்பில் எவ்வளவு எடுப்பது?

(நமது சங்கத்தின் வருஷக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கல்வி நிதியும் கல்யாணச் செலவும் பேசப்படும் இம்மேடையில் ஒரு வியாதியைப் பற்றிப் பேச நாம் எழுந்தது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். சஸ்திர வைத்தியம் நமது தொழில். வாய்ப்புற்று கண்டவரை அழைத்து வரும் உறவினர், "பிழைப்பாரா?" என்று கேட்கு முன்னரே, "தாடையை எடுத்துவிடுவீர்களோ?" என்று கேட்கின்றனர். அவ்வச்சத்தாலேயே பலர் வராமல் நின்றுவிடுகின்றனர். ஆதலின் அக்கேள்விக்குரிய விடையை இங்கே விளக்க விரும்புகிறோம்.

அச்சம் நியாயமானதே. கீழ்த்தாடை முகத்துக்கு அஸ்திவாரம் போன்றது. மோவாய்ப் பகுதியின் எலும்பு போய், அதற்கு ஈடு வைக்கப்படாவிடின், நாக்கு பின்னே சரியும். உதடு தாங்காது உமிழ்நீர் வடியும். பக்கவாட்டில் ஒரு துண்டு போனால், மீதித் தாடை அறுத்த பக்கமாகக் கோணி, பற்கள் ஒன்றோடொன்று பொருந்தா. ஆகவே வீணாக எலும்பை எடுப்பது பெருந்தவறு. எடுக்க வேண்டியதை இரக்கத்தால் விட்டுவைப்பதோ அதனினும் கொடிது. எஞ்சிய நோய் மீண்டும் முளைக்குமாயின், இரண்டாம் முறை அதனை வெல்லுதல் மிகவும் அரிது.

முற்காலத்து வைத்தியர் இவ்விஷயத்தில் ஐயமின்றி அறுத்தனர். நாக்கிலிருந்தும் வாயின் அடித்தரையிலிருந்தும் நிணநீர்க் குழாய்கள் தாடையெலும்பின் மேலுறை வழியாகவே கழுத்துக்குச் செல்கின்றன என்று அவர்கள் எண்ணினர். ஆதலால் நோய் எலும்பைத் தொடாதிருப்பினும் தாடையின் ஒரு பாதியை நீக்கினர். 1940-களில் நியூயார்க்கில் ஹேய்ஸ் மார்ட்டின் என்னும் நிபுணரால் பரவிய அச்சிகிச்சைக்குக் 'கமாண்டோ' என்று பெயர் வழங்கிற்று. 1971-ல் மார்ச்செட்டாவும் அவருடைய சகாக்களும் நோய் அவ்விதம் குழாய் வழியே எலும்புக்குள் பாய்வதில்லை என்றும், அருகிலிருந்து நேரே அரித்தே நுழைகிறது என்றும் காட்டினர். அதன் பின்னரே நோயின் எல்லையைக் கண்டு அதற்கேற்ப எலும்பை எடுக்கும் முறை உறுதிப்பட்டது.

இன்று இரண்டு வழிகள் உள. நோய் எலும்பை ஒட்டி நின்றாலும், மேற்பட்டையை மட்டும் சிறிது அரித்திருந்தாலும், தாடையின் மேல்விளிம்பை மாத்திரம் சீவி எடுத்துக் கீழ்விளிம்பை நிறுத்தலாம். முக உருவம் கெடாது. நோய் எலும்பின் உள்ளே மஜ்ஜையில் இறங்கிவிட்டாலோ, நரம்பு செல்லும் கால்வாயை அடைந்துவிட்டாலோ, அவ்விடத்தை முழுத்துண்டாக அறுத்தல் வேண்டும். விளிம்பு சீவுங்கால் கீழே சுமார் 1 சென்டிமீட்டர் உயரமாவது நிற்க வேண்டும். இல்லையேல் எலும்பு முறியும். பல்லெல்லாம் போன முதியவரின் தாடை தேய்ந்து மெலிந்திருக்குமாதலால், சிறு நோய்க்கும் சில சமயம் துண்டே எடுக்க நேரிடுகிறது. முன்பே கதிர்ச் சிகிச்சை பெற்ற தாடையிலும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்.

எல்லையை அறிவதுதான் கஷ்டம். எலும்பின் சுண்ணாம்புச் சத்து சுமார் மூன்றிலொரு பங்கு கரைந்த பின்னரே சாதாரண எக்ஸ்ரே படத்தில் அரிப்புத் தெரியும். சி.டி. படம் மேற்பட்டையையும், எம்.ஆர்.ஐ. படம் மஜ்ஜையையும் நன்கு காட்டும். ஆயினும் பல்வேர் வீக்கத்தையும் எம்.ஆர்.ஐ. நோய்போலக் காட்டக்கூடும். அறுத்த தசையை உறையவைத்துச் சிகிச்சை நடக்கும்பொழுதே பூதக்கண்ணாடியில் சோதிக்கலாம். எலும்போ கடினமானது, அதன் சுண்ணாம்பை நீக்கிய பின்னரே சோதிக்க இயலும், முடிவு வரச் சில நாட்கள் செல்லும். ஆகையால் நோய் கண்ட எல்லைக்கு அப்பால் சுமார் 1 சென்டிமீட்டர் நல்ல எலும்பையும் சேர்த்து எடுக்கிறோம். அஃது இரக்கமின்மையன்று, காப்பு.

நாம் கண்ட ஒரு குடும்பத்தின் செய்தியைச் சொல்லுவோம். பெரியவர் ஒருவர் புகையிலை அடக்கும் கன்னத்தருகே ஈற்றில் புண் கண்டார். பக்கத்துப் பல் ஆடவே அதைப் பிடுங்குவித்தார். குழி ஆறவில்லை. மகள் கல்யாணம் முடியட்டுமென மூன்று மாதம் மறைத்தார். வந்தபொழுது கீழுதடு மரத்திருந்தது. நரம்புக் கால்வாயை நோய் அடைந்துவிட்டது. பிடுங்கிய பற்குழியே எலும்புக்குள் செல்ல வாயிலாயிற்று. துண்டாகவே எடுக்க நேர்ந்தது. அவர் படும் பாட்டைக் கண்ட தங்கையார், மறு வருஷம் தமக்கும் ஈற்றில் புண் கண்டு மூன்றாம் வாரமே வந்தார். விளிம்பு மட்டும் சீவினோம். ஒரே வீடு, ஒரே வெற்றிலைப் பெட்டி. வேறுபாடு நாட்கணக்கு ஒன்றே.

துண்டாக எடுத்தாலும் கதி இல்லையென்று எண்ணற்க. காலிலுள்ள மெல்லிய வெளியெலும்பை இரத்தக்குழாயோடு எடுத்துத் தாடையாக வளைத்து வைக்கும் முறையை 1989-ல் ஹிடால்கோ என்பவர் வெளியிட்டார். காலின் இரத்தக்குழாய் நன்றாயிருப்பவருக்கு இன்று அது வழக்கமான சிகிச்சை. அதில் பற்களும் பொருத்தலாம்.

ஆகவே நம்மவர்க்குச் சில வேண்டுகோள்கள். மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண், காரணமின்றி ஆடும் பல், ஆறாத பற்குழி, மரத்த உதடு இவற்றை மறைக்கலாகாது. புண்ணருகே ஆடும் பல்லைச் சோதனையின்றிப் பிடுங்குவிக்கலாகாது. வைத்தியரிடம், "நோய் மஜ்ஜையில் இறங்கியதா? விளிம்பு போதுமா? ஈடு வைப்பீரா?" என்று தைரியமாகக் கேளுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-ல் அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் நிலையம் போன்ற இடங்கள் நமக்கு உள.

இறுதியாக, புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றை விளைப்பதென்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆராய்ச்சி நிலையம் 2004-ல் வெளியிட்டது. மங்கலத்துக்காகத் தாம்பூலத்தைத் தட்டில் வைத்து மரியாதை செய்வோம். மெல்லும் வழக்கத்தை விடுவோம். புகையிலையைத் தட்டிலும் வையோம். நம் கல்யாண மண்டபத்தில் இவ்விதியை ஏற்படுத்துமாறு சங்கத்தாரைப் பணிவுடன் வேண்டி அமர்கிறோம்.