ராத்திரி மட்டும் வர்ற பக்: மீன் டேங்கும் மூடின பெட்ரூமும்

இன்னைக்கு எபிசோட் ஒரு பக் ரிப்போர்ட். ஆபீஸ் பக் இல்ல, என் மீன் டேங்க்ல வந்த பக்.

பெட்ரூம்ல 60 லிட்டர் டேங்க் வெச்சிருக்கேன். கப்பி மீன், கொஞ்சம் செர்ரி ஷ்ரிம்ப், ஒரே ஒரு ஜாவா ஃபெர்ன். சாயங்காலம் டெஸ்ட் பண்ணா பிஎச் 8.2. காலைல 6 மணிக்குப் பார்த்தா 7.6. செடிங்க ராத்திரி கார்பன் டை ஆக்சைடு விடும், அதனால பிஎச் கொஞ்சம் இறங்கும், சரி. ஆனா ஒரு ஜாவா ஃபெர்ன் இவ்வளவு வேலை பார்க்காது.

நான் என்ன பண்ணேன்? தினமும் காலைல பிஎச் ஏத்துற மருந்தை ஊத்தினேன். நாலாவது நாள் சாயங்காலம் பிஎச் 8.6. மூணு கப்பி போச்சு.

அப்புறம்தான் ஒரு கார்பன் டை ஆக்சைடு சென்சாரை ஈஎஸ்பி32 போர்டுல மாட்டி ராத்திரி முழுக்க லாக் எடுத்தேன். படுக்கும்போது 700 பிபிஎம். விடியக்காலை 5 மணிக்கு 2,100. ரெண்டு பேர் தூங்குற சின்ன ரூம், கதவு ஜன்னல் எல்லாம் மூடி ஏசி. வீட்ல இருக்கற சாதாரண ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காத்தை உள்ளே கொண்டு வராது. நாம விட்ட மூச்சையே குளிராக்கித் திருப்பித் தரும்.

வெளிக்காத்துல கார்பன் டை ஆக்சைடு சுமார் 420 பிபிஎம். அந்தக் காத்தோட சமநிலையில இருக்கற தண்ணில அது லிட்டருக்கு 0.6 மில்லிகிராம் கரைஞ்சிருக்கும். ரூம்ல அஞ்சு மடங்கு ஆச்சுன்னா தண்ணிலயும் அஞ்சு மடங்கு. பிஎச் லாக் ஸ்கேல்ங்கறதால, அஞ்சு மடங்குன்னா 0.7 இறக்கம். என் டேங்க் கணக்கு கிட்டத்தட்ட டேலி ஆயிடுச்சு.

"ஏர் ஸ்டோன் போடு, சரியாயிடும்"னு எல்லாரும் சொல்வாங்க. ஏர் பம்ப் உறிஞ்சுறது அதே ரூம் காத்தைத்தானே! தண்ணியை ரூமோட சமநிலைக்கு இன்னும் சீக்கிரமா கொண்டு போகும், அவ்வளவுதான். கேஎச் அதிகமா இருந்தா இந்த இறக்கம் வராதுன்னு நினைக்கறதும் தப்பு. கேஎச் ஏறினா பிஎச் தொடங்குற இடம் உயரும்; அஞ்சு மடங்குக்கு இறக்கம் அதே 0.7 தான்.

என் மருந்து ஏன் சொதப்புச்சுன்னு இப்பப் புரியும். அது கேஎச்சை ஏத்திடுச்சு. காலைல கதவைத் திறந்ததும் கரைஞ்சிருந்த வாயு வெளியேற, பிஎச் பழைய இடத்தைத் தாண்டி மேலே போச்சு. பிஎச் ஒரு புள்ளி ஏறினா, தண்ணில இருக்கற அம்மோனியாவோட விஷப்பகுதி ஏறக்குறைய பத்து மடங்கு ஆகும். மீனுங்க தாங்கியிருக்கும் அந்த 7.6-ஐ, தாங்காதது என் திருத்தத்தை.

உங்க வீட்லயும் இதுதானான்னு பார்க்கணுமா? டேங்க் தண்ணியை ரெண்டு டம்ளர்ல எடுங்க. ஒண்ணு பெட்ரூம்ல, ஒண்ணு பால்கனில, ரெண்டுலயும் ராத்திரி முழுக்க ஏர் ஸ்டோன் ஓடட்டும். விடியக்காலைல, கதவைத் திறக்கறதுக்கு முன்னாடியே ரெண்டையும் டெஸ்ட் பண்ணுங்க. பால்கனி டம்ளர் உயர்ந்திருந்தா, பிரச்சினை தண்ணில இல்ல.

இன்னொண்ணு, கொசு லிக்விட். அதுல இருக்கற பைரித்ராய்டு மீனுக்கு விஷம், ஷ்ரிம்ப்புக்கு அதைவிட மோசம். ஏர் பம்ப் பக்கத்துல அதை மாட்டினா, நாமே பைப் போட்டு டேங்குக்குள்ள அனுப்பற மாதிரி. நானும் ஒரு வருஷமா அதே பிளக் பாயின்ட்லதான் மாட்டியிருந்தேன், வெட்கமா இருக்கு.

இப்ப ஏர் பம்பை ஜன்னலுக்கு வெளியே, மழை படாத இடத்துல, தண்ணி மட்டத்துக்கு மேல வெச்சு, டியூப்பை மட்டும் உள்ளே விட்டிருக்கேன். கதவை ராத்திரி நாலு விரல் திறந்து வைக்கறோம். கரன்ட் பில் கொஞ்சம் ஏறும், ஏறட்டும். 5 மணி ரீடிங் 1,100-க்கு வந்திருக்கு, காலை பிஎச் 8.0.

காலைல தலை பாரமா இருக்குன்னு மனைவி ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தா; ஃபோன் பார்க்கறதை நிறுத்துன்னு நான் அட்வைஸ் பண்ணிட்டிருந்தேன். கதவு திறந்ததுல இருந்து அந்தப் பேச்சு இல்ல. காரணம் இதுதான்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா லாக்கைக் காட்டினப்போ அவ கேட்டது ஒண்ணுதான்: "மீனுக்காகத்தான் சென்சார் வாங்கினியா?"