காவல் நிலையத்தில் எழுதும் முதல் தாள்

2003ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் தேதி கடலூர்ப் பதிவு அலுவலகத்தில் ஒரு கல்யாணம் பதிவானது. மாப்பிள்ளை முருகேசன், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் படித்தவர், தலித். பெண் கண்ணகி, வணிகவியல் படித்தவர், வன்னியர், ஊராட்சி மன்றத் தலைவரின் மகள். இரண்டு பேருக்கும் ஊர் ஒன்றுதான்: விருத்தாசலம் பக்கத்தில் புதுக்கூரைப்பேட்டை. அந்த ஜூலை 8ஆம் தேதி, ஊரார் பார்த்திருக்க, பெண் வீட்டார் இருவருக்கும் பலவந்தமாக விஷத்தைப் புகட்டிக் கொன்று உடல்களை எரித்தார்கள்.

இந்தக் கொலையைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. நான் பேச வந்தது அதற்கு அடுத்த ஒன்பது நாட்களைப் பற்றி.

பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் காவல் நிலையத்துக்குப் போனார். புகாரை வாங்கவில்லை, விரட்டி அனுப்பினார்கள். பத்திரிகைகளில் செய்தி வந்து வெளியே பேச்சாகிப் போன பிறகு, ஜூலை 17ஆம் தேதிதான் முதல் தகவல் அறிக்கை பதிவானது. அதில் யார் யார் பேர் இருந்தது தெரியுமா? வன்னியர் நான்கு பேர். தலித்துகள் நான்கு பேர். அவரவர் பிள்ளையை அவரவர் தரப்பே கொன்றுவிட்டது என்று கதை. இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு, தராசு முள் ஆடாமல் நிற்கிறது! செத்தவன் சாதிக்காரர்களையே கொலைகாரர்களாக எழுதிவிட்டால், நீதி கேட்டு வர அந்தப் பக்கத்தில் ஆளே மிச்சம் இருக்காது. ரொம்பக் கணக்காக யோசித்து எழுதிய தாள் அது.

வழக்கறிஞர் பொ. இரத்தினம் இந்த வழக்கை விடாமல் நடத்தினார். 2004 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. 2021 செப்டம்பர் 24ஆம் தேதி கடலூர் சிறப்பு நீதிமன்றம் பதினைந்து பேரில் பதின்மூன்று பேரைக் குற்றவாளிகள் என்றது. அந்தப் பதின்மூன்று பேரில் இருவர் காவல் துறையினர். ஒருவர் அன்றைய ஆய்வாளர், இன்னொருவர் உதவி ஆய்வாளர். விடுதலையான இருவர் தலித்துகள். பதினெட்டு வருஷம் அவர்கள் 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்ற பேரோடுதான் கடைத்தெருவுக்குப் போய் வந்திருக்கிறார்கள். 2022இல் உயர் நீதிமன்றம் பெரும்பாலான தண்டனைகளை உறுதி செய்தது. 2025 ஏப்ரல் 28இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளியது. அப்பாவி தலித்துகளைச் சிக்கவைக்கக் காவலர்கள் பொய்ச் சாட்சியம் ஜோடித்ததை அந்தத் தீர்ப்பும் ஏற்றுக்கொண்டது.

நீதிமன்றத்தில் சாதி பார்க்கிறார்களா என்று அடிக்கடி கேட்கிறோம். என் எண்ணம் என்னவென்றால், அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடுகிறது. யார் புகார்தாரர், யார் சந்தேக நபர் என்று நிலையத்தில் எழுதுகிற அந்த முதல் தாளில்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது.

இதே விருத்தாசலம் பக்கத்தில், அதற்குப் பத்து வருஷம் முன்னால் நடந்ததைப் பாருங்கள். 1993 மார்ச். முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு, குறவர் சமூகம். ஒரு வீட்டில் நகை களவு போனது. கம்மாபுரம் காவல் நிலையத்தார் அவரையும் உறவினர்களையும் பிடித்துப் போய் அடித்தார்கள். பிறகு, ஆள் தப்பி ஓடிவிட்டான் என்று எழுதினார்கள். அன்றைய திருச்சி மாவட்ட எல்லையில், மீன்சுருட்டிப் பக்கம், ஓர் உடல் கிடந்தது. அங்கே அது அடையாளம் தெரியாத பிணம். ஒரே மனிதர், கம்மாபுரத்துத் தாளில் ஓடுகிறார், மீன்சுருட்டித் தாளில் பிணமாகக் கிடக்கிறார். அவர் மனைவி பார்வதி விடவில்லை. ஊரில் மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்கள் துணை நின்றார்கள். சென்னையில் வழக்கறிஞர் சந்துரு ஆட்கொணர்வு மனுப் போட்டார். காவலர்கள் குற்றவாளிகள் என்று உயர் நீதிமன்றம் முடிவாகச் சொல்ல 2006 ஆனது.

2021இல் வந்த 'ஜெய்பீம்' படம் இந்தக் கதைதான். படத்தில் அவரை இருளராக்கிவிட்டார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. களவு போனதும் குறவர் வீட்டுக் கதவைத் தட்டுவதற்குத் தனியாக ஒரு சரித்திரம் இருக்கிறது.

அந்தச் சரித்திரத்தின் பேர் குற்றப் பரம்பரைச் சட்டம், நம் பெரியவர்கள் வாயில் ரேகைச் சட்டம். வெள்ளைக்காரன் 1871இல் வடக்கே கொண்டுவந்தான். 1911இல் திருத்தி, சென்னை மாகாணத்துக்கும் நீட்டினான். பிறந்த சாதியே குற்றம். ரேகை வைக்க வேண்டும், ராத்திரியில் ஆஜர் கொடுக்க வேண்டும், ஊரை விட்டுப் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். குறவர், பிறமலைக் கள்ளர் என்று நீண்ட பட்டியலில், இன்று நம் கடலூர் மாவட்டத்தில் இருக்கும் வேப்பூரின் பேரும் உண்டு. 'வேப்பூர்ப் பறையர்' என்றே அரசாங்கப் புத்தகத்தில் எழுதிவைத்தார்கள். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் அஜீஸ் நகரில் குடியமர்த்திக் காவல் வைத்தார்கள். திருச்சி நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இன்றைக்கு அது ஒரு நிறுத்தத்தின் பேர் மட்டும்தான். 1952 ஆகஸ்ட் 31இல் பட்டியலை நாடெங்கும் ரத்து செய்தார்கள். சட்டம் போனதே ஒழிய, யாரை முதலில் பிடிப்பது என்ற பழக்கம் நிலையத்தை விட்டுப் போகவில்லை.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டும்தானா? ராஜாக்கண்ணு இறந்த அடுத்த மாதம், 1993 ஏப்ரல் 22, லண்டனில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின மாணவனைப் பேருந்து நிறுத்தத்தில் வெள்ளைக்கார இளைஞர்கள் குத்திக் கொன்றார்கள். கூட இருந்த நண்பனும் கறுப்பர். தப்பித்து வந்த அந்தப் பையனைப் போலீஸ் சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தது. 1999இல் வந்த மேக்பர்சன் அறிக்கை, அந்தக் காவல் துறையில் இனவெறி அமைப்பாகவே ஊறிக் கிடக்கிறது என்று எழுதியது. இரண்டு பேர் தண்டனை பெற்றது 2012இல். அங்கே பத்தொன்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு, இங்கே முருகேசன், கண்ணகி வழக்கில் பதினெட்டு வருஷம்.

2020இல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்டின் கழுத்தில் ஒரு காவலர் முழங்காலை அழுத்திக் கொன்றார். போலீஸ் விட்ட முதல் அறிக்கையில் முழங்காலே இல்லை, உடம்புக்கு முடியாமல் இறந்துவிட்டார் என்ற பாணியில் இருந்தது. தெருவில் நின்ற ஒரு பெண்பிள்ளையின் கைபேசியில் பதிவான காட்சிதான் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டது. 1993இல் கம்மாபுரத்தில் யார் கையில் கைபேசி இருந்தது?

சிறைக்குப் போனாலும் தாள் கூடவே வருகிறது. கடலூர் கேப்பர் மலைச் சிறை என்றால் நமக்கு பாரதியார் ஞாபகம் வரும். 1918இல் புதுச்சேரி எல்லை தாண்டிய அவரைப் பிடித்து அங்கேதான் அடைத்தார்கள். அவருக்காகப் பேச அன்னி பெசன்ட், சி.பி. ராமசாமி ஐயர் போன்றவர்கள் இருந்தார்கள், ஒரு மாதத்துக்குள் வெளியே வந்தார். இன்று இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். நீதிபதி இன்னும் எதுவும் சொல்லவில்லை, அந்த முதல் தாளின் பேரில்தான் உள்ளே இருக்கிறார்கள். அவர்களில் தலித், ஆதிவாசி மக்களின் பங்கு மக்கள்தொகையில் அவர்களுக்கு உள்ள பங்கைவிட அதிகம். 2024 அக்டோபர் 3இல் உச்ச நீதிமன்றம் சிறைப் பதிவேடுகளில் இருக்கும் சாதிக் கட்டத்தையே நீக்கச் சொன்னது. சாதி பார்த்து வேலை கொடுக்கும் சிறை விதிகளும் அன்றே செல்லாமல் போயின. சுதந்திரம் வந்து எழுபத்தேழு வருஷம் ஆன பிறகு!

சரி, இனி நடைமுறைக்கு வருவோம். புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும், அது சட்டம். வாங்கியதும் மடித்துப் பையில் வைக்காதீர்கள். தெரிந்தவரை வைத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்: நீங்கள் சொன்ன பேர்கள் இருக்கின்றனவா, சொல்லாத பேர் நுழைந்திருக்கிறதா, தேதி சரியா. பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமைப் புகாரில், முதலில் விசாரித்துவிட்டுப் பிறகு பதிகிறோம் என்று சொல்ல இடமில்லை, 2018 திருத்தம் அதை அடைத்துவிட்டது. அந்த மக்களுக்கும், எந்தச் சாதியானாலும் பெண்களுக்கும், வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், தொலைபேசி 15100. நிலையத்தில் வாங்க மறுத்தால் எழுதி, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். புகாரை எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று எத்தனை வருஷம் கழித்து நீதிமன்றம் கேட்டாலும், காட்ட உங்கள் கையில் ஒரு தாள் இருக்கும்.