பருவப் பெயர்களும் வளர்ச்சி அளவைகளும்



உயிர்களின் வளர்ச்சியைப் பெயரிட்டு அளந்த மொழி தமிழ். தொல்காப்பியத்தின் மரபியல் இளமைப் பெயர்களைத் தொகுக்கப் புகுகையில் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, குழவி என நிரல்படுத்திச் செல்வதும், எவ்வெவ்வுயிரின் இளமைக்கு எப்பெயர் உரியது என வரையறுப்பதும் மொழியறிவின் பாற்பட்டவை மட்டுமல்ல, உற்றுநோக்கலின் பயனுமாம். மனிதக் குழவிக்கு வரும்போது இவ்வுற்றுநோக்கல் மேலும் நுட்பமாகிறது. அதற்குச் சான்று பிள்ளைத்தமிழ். ஒட்டக்கூத்தரின் குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் தொடங்கி இன்றுவரை எழுதப்பட்டுவரும் அவ்விலக்கிய வகையின் பத்துப் பருவங்களையும், இன்றைய குழந்தை மருத்துவம் கைக்கொள்ளும் வளர்ச்சி அளவைகளையும் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தின் மண்ணில் நின்று ஒருங்கே வைத்துப் பார்ப்பதே இவ்வுரையின் பொருளாகும்.

பிள்ளைத்தமிழின் பருவங்கள் மூன்றாந் திங்கள் தொட்டு இருபத்தொன்றாந் திங்கள் ஈறாக, ஒற்றைப்படைத் திங்கள்தோறும் ஒன்றாக அமைவன என்பது பொதுவான கொள்கை. பாட்டியல் நூல்களிடையே திங்கட் கணக்கில் சிறு வேறுபாடு உண்டாயினும் வரிசை மாறுவதில்லை. ஐந்தாந் திங்களில் செங்கீரை. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்ந்து குழந்தை அசைந்தாடும் நிலை அது. ஏழாந் திங்களில் தால். நாவசைத்து ஒலியெழுப்பும் காலம். ஒன்பதாந் திங்களில் சப்பாணி. நிலைபெற அமர்ந்து கைகொட்டும் காலம். பதின்மூன்றாந் திங்களில் வருகை. தளர்நடையிட்டு வருமாறு தாய் அழைக்கும் காலம்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2006-ஆம் ஆண்டு வெளியிட்ட அளவைகளின்படி, துணையின்றி அமர்தல் ஏறத்தாழ 4 முதல் 9 மாதங்களுக்குள்ளும், தனித்து நடத்தல் ஏறத்தாழ 8 முதல் 18 மாதங்களுக்குள்ளும் நிகழ்கின்றன. பாதிக் குழந்தைகள் பன்னிரண்டாம் மாத அளவில் நடந்துவிடுகின்றன. ஒன்பதில் சப்பாணியும் பதின்மூன்றில் வருகையும் வைத்த பாட்டியலார், பெரும்பாலான குழந்தைகள் அந்நிலையை எய்திவிட்ட திங்களையே தேர்ந்துள்ளனர் என்பது கருதத்தக்கது. ஓர் இடைவெளியும் இதில் பொருள்பொதிந்தது. செங்கீரைக்கும் தாலுக்கும் நடுவிலுள்ள ஆறாம் மாத முடிவில்தான் தாய்ப்பாலோடு பிற உணவையும் தொடங்குதல் வேண்டுமென மருத்துவம் கூறுகிறது. அதுவரை தாய்ப்பால் ஒன்றே போதும். அதன்பின் தாய்ப்பால் மட்டும் போதாது. கருவுற்ற நாள்முதல் இரண்டாம் பிறந்தநாள் வரையிலான ஆயிரம் நாள்களே உடலுக்கும் மூளைக்கும் அடித்தளம் அமைக்கின்றன என்பது இன்றைய கொள்கை. பிள்ளைத்தமிழ் இருபத்தொன்றாந் திங்களில் சிறுதேரோடு நின்றுவிடுவது தற்செயலாகவும் இருக்கலாம்; ஆயினும் வியப்புக்குரியது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. இலக்கியப் பெருமிதம் கண்ணை மறைத்துவிடலாகாது. பிள்ளைத்தமிழின் குழந்தை இறைவனோ, வேந்தனோ, வள்ளலோ ஆவான். பாட்டுடைத் தலைவனுக்குப் பசி இல்லை. காலந்தவறிய செங்கீரை இல்லை. எழுந்து நிற்க வலுவற்றதால் வாராத வருகையும் இல்லை. பசித்த குழந்தையைக் குறிக்கும் சொல்லைப் புலவர் ஏட்டில் தேடுவதைவிட ஊர்ப்பேச்சில் தேடுவதே தகும். அச்சொல் 'சவலை'.

அடுத்த குழந்தை வயிற்றில் தங்கியதாலோ பிறந்ததாலோ தாய்ப்பால் இழந்து மெலியும் மூத்த குழந்தையே சவலைப் பிள்ளை. 1930-களில் ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்டில், இன்றைய கானாவில், பணியாற்றிய சிசிலி வில்லியம்சு என்னும் பெண் மருத்துவர், கால்வீங்கி, தோலுரிந்து, முடிநிறம் மாறி மடியும் குழந்தைகளின் நோயை விளக்கி எழுதினார். அதற்கு அந்நாட்டுக் 'கா' மொழியில் வழங்கிய 'குவாசியோர்க்கர்' என்னும் பெயரையே மருத்துவ உலகுக்கு அளித்தார். அடுத்த குழந்தை பிறந்தபின் முந்தைய குழந்தைக்கு வரும் நோய் என்பதே அச்சொல்லின் பொருள். கடல்கடந்த இரு மக்களினத் தாய்மார் ஒரே காரணத்தைக் கண்டறிந்து, நோய்க்கு அக்காரணத்தையே பெயராக வைத்துள்ளனர். சவலை என்னும் சொல்லைத் தமிழ் அகராதிக்குள் மட்டும் அடைத்துவைப்பது அச்சொல்லுக்குச் செய்யும் அநீதியாகும்.

தாய்மாரின் கண் கண்டதைத் தராசு உறுதிசெய்தல் வேண்டும். ஏனெனில், சவலை கண்ணுக்குத் தெரியுமுன்பே எடை ஏறாமல் நின்றுவிடுகிறது. நல்ல வளர்ச்சியுடைய குழந்தை ஐந்தாம் மாத அளவில் பிறந்த எடையைப் போல் இருமடங்கும், ஓராண்டு நிறைவில் மும்மடங்கும் ஆகும். பிறக்கும்போது 50 செ.மீ. அளவிலிருந்த நீளம் ஓராண்டில் 75 செ.மீ. ஆகும். 1980-இல் உலக வங்கியின் உதவியோடு தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டது. ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை ஏறாமல் நின்ற குழந்தைக்குத் துணையுணவு அளித்து, தேறியபின் நிறுத்திவிடுவது அதன் முறை. 'எவ்வளவு எடை' என்பதனினும் 'சென்ற மாதத்தினும் ஏறிற்றா' என்னும் வினாவை அது முதன்மையாக்கியது. ஊர்தோறும் ஒரு பெண் தராசைக் கிளையிலோ உத்தரத்திலோ மாட்டிக் குழந்தையை நிறுத்து, அட்டையில் புள்ளியிட்டு, அப்புள்ளிகள் மேலேறுகின்றனவா என்று தாய்க்குக் காட்டினாள். எழுத்தறியாத தாயும் படித்தறியத்தக்க ஏடு அது.

ஆயினும் புள்ளியிடுவதற்கு அகவை தெரிதல் வேண்டும். பிறந்தநாள் பதிவு பரவலாகாத காலத்தில் ஊர் நிகழ்ச்சிகளே நாள்காட்டியாயின. மேல்மலையனூர் மயானக்கொள்ளைக்கு முன்னா பின்னா, மயிலத்துப் பங்குனி உத்திரத்துக்கு எத்தனை நாள் கழித்து, கடலை பிடுங்கும்போதா என்று கேட்டே மாதத்தைக் கணிக்க வேண்டியிருந்தது. இன்று பிறப்புகள் அனைத்துமே மருத்துவமனைகளில் நிகழ்வதாகச் சொல்லத்தக்க நிலையைத் தமிழ்நாடு எய்திவிட்டதால், நாள் ஏட்டில் இருக்கிறது. இருப்பினும் தாய்மாரின் நாவில் பழைய நாள்காட்டியே புழங்கும். 2011 திசம்பரின் தானே புயலும், 2024 நவம்பர் இறுதியில் மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டிய ஃபெஞ்சல் புயலும் அக்காட்டியில் ஏறியிருப்பது உறுதி.

எதனோடு ஒப்பிட்டு அளப்பது என்பது அடுத்த வினா. நெடுங்காலம் அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் குழந்தைகளை அளந்து உருவாக்கிய ஆர்வர்டு அளவையே இங்குப் பயன்பட்டது. இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 1972-இல் வகுத்த தரநிலைகளும் அதனையே சார்ந்திருந்தன. நம் குழந்தைகளை வெள்ளையர் குழந்தைகளோடு ஒப்பிடலாமா, நம்மவர் இயல்பாகவே சிறியவரல்லரோ என்னும் கேள்வி அப்போதே எழுந்தது. 1980-களில் டேவிட் செக்லர் என்னும் பொருளியலார் 'சிறியவர், ஆயினும் நலமுடையவர்' என்றொரு கொள்கையை முன்வைத்தார். அதனைக் கடுமையாக மறுத்தவர் சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன் ஆவார். 1918-இல் குன்னூரில் மெக்காரிசன் என்னும் மருத்துவர் தொடங்கிய சிறு ஆய்வகமே பின்னர் ஐதராபாத்திற்கு மாறித் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது; அந்நிறுவனத்தை வழிநடத்தியவர் கோபாலன். குட்டையாதலை இயல்பென்று ஏற்பது வறுமையை இயல்பென்று ஏற்பதாகும் என்பது அவர் வாதத்தின் சாரம். 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் நடைபெற்ற ஆய்வு அவர் பக்கமே நின்றது. நல்லுணவும் தாய்ப்பாலும் தூய சூழலும் வாய்த்த தில்லிக் குழந்தைகள், ஐந்து அகவை வரை, ஆசுலோ நகரக் குழந்தைகளை ஒத்தே உயர்ந்தனர். திண்டிவனத்துக் குழந்தைக்கு ஒரு முழம், நார்வேக் குழந்தைக்கு ஒரு முழம் என இரண்டு முழக்கோல் தேவையில்லை என்பது அதனால் நிலைபெற்றது.

திண்டிவனம் என்னும் பெயர் நிலக்கடலையோடு பிணைந்தது. அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய கடலை, எள் வகைகள் 'டி.எம்.வி.' என்னும் முன்னெழுத்தோடு வழங்குகின்றன. அவ்வெழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பன. டி.எம்.வி. 2 என்னும் கடலை தமிழ்நாட்டு எல்லை கடந்து ஆந்திரத்திலும் கருநாடகத்திலும் விளைந்தது. நூறு கிராம் கடலையில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் உண்டு. எள்ளில் சுண்ணாம்புச்சத்தும் இரும்புச்சத்தும் மிகுதி. கேழ்வரகில் நூறு கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சுண்ணாம்புச்சத்து. கம்பும் கேழ்வரகும் கடலையும் எள்ளும் விளையும் இம்மண்ணில் குழந்தை ஊட்டமின்றி நிற்குமாயின், மண்ணைக் குறைகூற இடமில்லை. விளைந்த கடலை ஆலைக்குச் சென்றது. கூழ் குடித்த வீடு கடைச்சோற்றுக்கு மாறியது. கூழோடு இருந்த கீரையும் கருவாடும் அதனோடு குறைந்தன. மரக்காணத்து உப்பளத்து உப்பும் இதில் சேர்த்தெண்ணத்தக்கது. அயோடின் குறைந்தால் கழுத்துச் சுரப்பி நலிந்து உடல்வளர்ச்சியும் அறிவுவளர்ச்சியும் ஒருங்கே தடைப்படும். கடலுப்பில் இயல்பாக உள்ள அயோடின் போதாது. எனவே அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கென விற்பது 2006-இல் இந்தியா முழுமைக்கும் தடைசெய்யப்பட்டது. கடற்கரையில் வாழ்வோருக்கும் அது பொருந்தும் என்பதைப் பலர் அறியார்.

அரசின் உணவுத் திட்டங்களின் வரலாறு அவையோர் அறிந்ததே. காமராசர் காலத்துப் பள்ளி மதிய உணவும், 1982 சூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும், 1989-இல் கலைஞர் சேர்த்த முட்டையும், 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவும் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்தவை. இவற்றின் பயன் பெரிது. எனினும் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21) காட்டும் படம் முழு நிறைவு தருவதன்று. தமிழ்நாட்டில் ஐந்து அகவைக்குட்பட்ட நூறு குழந்தைகளில் 25 பேர் அகவைக்குரிய உயரமில்லாதவர். 22 பேர் எடை குறைந்தவர். முந்தைய ஆய்வோடு ஒப்பிட இவை சிறிது குறைந்துள்ளன. குழந்தைகளின் இரத்தசோகையோ 50.7 விழுக்காட்டிலிருந்து 57.4 விழுக்காடாக ஏறியுள்ளது. வயிறு நிறைவது வேறு, ஊட்டம் பெறுவது வேறு.

இவ்வட்டாரத்துக்கே உரிய ஒரு குறையும் உண்டு. செங்கற்சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் மரம் வெட்டுக்கும் குடும்பத்தோடு பெயர்ந்து செல்லும் இருளர் முதலானோரின் குழந்தைகள், ஊரில் உள்ள அங்கன்வாடி ஏட்டில் பெயராக மட்டும் நிற்கின்றனர். மாதந்தோறும் ஏறவேண்டிய கோடு தை மாதத்தில் அறுபட்டு, மழை வந்து சூளை நின்றபின் மீண்டும் தொடங்குகிறது. அறுபட்ட அத்திங்களில்தான் எடையும் விழுகிறது. பிள்ளைத்தமிழில் ஒரு பருவம் விடுபட்டால் நூல் குறையுடையதென்பார். இங்கு விடுபடுவது குழந்தையின் அரையாண்டு.

குழந்தைப் பருவம் கடந்து பெண்ணின் பருவங்களுக்கு வருவோம். உலா இலக்கியம் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என எழுவகைப்படுத்தும். எட்டு முதல் பதினொன்று வரை பெதும்பை. பன்னிரண்டும் பதின்மூன்றும் மங்கை. பெண்ணின் உயரம் ஆண்டுக்கு 8 செ.மீ. அளவுக்கு விரைந்தேறும் உச்சம் இவ்விரு பருவங்களின் சந்தியில் அமைகிறது. பூப்பு அவ்வுச்சத்துக்குப் பின்னரே நிகழ்வது. அதன்பின் உயரம் சில செ.மீ. மட்டுமே கூடும். நம் வழக்கமோ பூப்பெய்திய பின்னர் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுப்பது. தாய்மாமன் சீரோடு வரும் அவ்வுணவு நல்லுணவே. அது வரவேண்டிய காலத்துக்கு ஓராண்டுக்கு மேல் பிந்தி வருகிறது. சில வாரங்களில் நின்றும் விடுகிறது. பெதும்பைப் பருவத்துச் சிறுமி எல்லோரும் உண்டபின் உண்பதும், தம்பிக்கு முட்டையும் தனக்குக் குழம்பும் என்று அமைவதும் எந்தச் சீரிலும் ஈடுசெய்ய இயலாதவை. இவ்வாறு உயரங் குறைந்து நிற்பவளே பின்னர்த் தாயாகிறாள், 145 செ.மீ.க்கும் குறைந்த தாய்க்கு மகப்பேற்றில் இடர் மிகுதி. எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பும் மிகுதி. தமிழ்நாட்டில் 15 முதல் 49 அகவைப் பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர் என்பது அதே ஆய்வின் கணக்கு.

உலாவின் பேரிளம்பெண் நாற்பதோடு முடிகிறாள். ஆண்மக்களுக்கு முதுமகன் வரை பெயர் வகுத்த பாட்டியல், நாற்பதைக் கடந்த பெண்ணுக்குப் பெயரே வைக்கவில்லை. அவள் உடலோ அதன்பின்னும் மாறிக்கொண்டே இருக்கிறது. முப்பது அகவையளவில் எலும்பு தன் முழுவலிமையை எய்துகிறது. மாதவிடாய் நின்றபின் முதற்சில ஆண்டுகளில் அது விரைந்து குறைகிறது. தசையும் பத்தாண்டுதோறும் தேய்கிறது. முதுகு கூனியவளை நிறுத்தி உயரம் அளக்க இயலாது. அதனால் விரித்த கைகளின் நீளத்தையோ முழங்கால் உயரத்தையோ அளந்து உயரத்தைக் கணிக்கும் முறையை மருத்துவம் வகுத்துள்ளது. விழுப்புரம் பக்கத்தில் பாட்டியை 'ஆயா' என்பர். அங்கன்வாடியில் உலைவைத்து, குழந்தையைத் தராசில் தூக்கி அமர்த்தும் உதவியாளரையும் 'ஆயா' என்றே அழைப்பர். 2021 ஆகத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இவர்கள் வீட்டுவாயிலுக்கே சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. அப்பையில் ஓர் அளவு நாடாவும், அவ்வேட்டில் எடைக்கும் கையின் சுற்றளவுக்கும் இரண்டு கட்டமும் கூடுதலாக வேண்டும்.