ஆக்ஸிலரேட்டர் இல்லாத ரேஸ்: எஸ்எஸ்எக்ஸ் ட்ரிக்கி

இன்னிக்கு பிளேஸ்டேஷன் 2 காலத்து கேம் ஒண்ணு. 2001ல் வந்த ‘எஸ்எஸ்எக்ஸ் ட்ரிக்கி’. பனிச்சரிவுல ஒரு பலகைமேல நின்னு சறுக்கி இறங்குற ஸ்னோபோர்டிங் ரேஸ். ஸ்போர்ட்ஸ் கேம்தானேன்னு ஸ்கிப் பண்ணிடாதீங்க. ஃபிசிக்ஸ் வாத்தியார் பார்த்தா அழுதுடுவார், அப்படிப்பட்ட கேம்.

இதுல ஆக்ஸிலரேட்டர் கிடையாது. மலைச்சரிவு உங்களை இழுத்துக்கிட்டுப் போகும். அதுக்கு மேல வேகம் வேணும்னா பூஸ்ட் வேணும். பூஸ்ட் வேணும்னா காத்துல சுத்தணும், குட்டிக்கரணம் அடிக்கணும், போர்டைக் கையால பிடிக்கணும். ஒழுங்கா தரையிறங்கினா மீட்டர் ஏறும். தலைகுப்புற விழுந்தா சேர்த்தது இறங்கிடும். பின்னாடி வந்தவன் முந்திடுவான்.

மீட்டர் நிரம்பினா ஊபர் ட்ரிக். காலோட கட்டியிருக்க வேண்டிய போர்டையே நடுவானத்துல கழட்டிச் சுத்துவாங்க! சரியா இறங்கினா, ‘ட்ரிக்கி’ங்கிற ஆங்கில வார்த்தையில ஓர் எழுத்து எரியும். ஆறு எழுத்தும் எரிஞ்சா ரேஸ் முடியுறவரை பூஸ்ட் தீராது. ரன்-டிஎம்சியோட ‘இட்ஸ் ட்ரிக்கி’ பாட்டு வேற வந்து உசுப்பேத்தும்.

கேமோட உயிர் இங்கதான் இருக்கு. அஞ்சு எழுத்து வந்தாச்சு, நீங்க ரெண்டாவது இடம், எதிர்ல ஒரு பெரிய மேடு. சும்மா தாண்டினா ரெண்டாம் இடம் பத்திரம். ஊபர் போட்டா முதலிடமே கிடைக்கலாம். ஆனா தரை வர்றதுக்குள்ள பட்டனை விடணும். அரை நொடி பேராசைப்பட்டா மூஞ்சி பனிக்குள்ள. தெரிஞ்சேதான் அமுக்குவோம்.

இவ்வளவு உடான்ஸ் விடுற கேமை, மலையையே பார்க்காத ஆளுங்கதான் செஞ்சிருப்பாங்கன்னு தோணும். அதுதான் இல்லை. 2000ல் வந்த முதல் எஸ்எஸ்எக்ஸுக்குப் பின்னால இருந்த முக்கியமான ஆள் ஸ்டீவன் ரெக்ட்ஷாஃப்னர். 1991ல் கனடாவின் பிளாக்கோம் மலையில் ‘போர்டர்கிராஸ்’ என்ற நிஜப் பந்தயத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். பல பேர் ஒரே பாதையில, மேடு, வளைவெல்லாம் தாண்டி, தோளோடு தோள் இடிச்சுக்கிட்டு இறங்குற பந்தயம் அது. பின்னாடி ‘ஸ்னோபோர்ட் கிராஸ்’ என்ற பெயரில் 2006 டுரின் ஒலிம்பிக்ஸ் வரைக்கும் போச்சு. எஸ்எஸ்எக்ஸ்னாலே ‘ஸ்னோபோர்ட் சூப்பர்கிராஸ்’தான்.

ஆக, விளையாட்டை நல்லா தெரிஞ்ச ஆள் புவியீர்ப்பை மட்டும் தூக்கிப் போட்டுட்டு, பக்கத்துல ஒருத்தன் உரசிக்கிட்டு வர்ற பயத்தை அப்படியே வச்சுக்கிட்டார். ட்ரிக்கியில யாரையாவது தள்ளிவிட்டீங்கன்னா அவன் உங்களைப் பகையாளியா நினைப்பான். பழிவாங்கவும் வருவான்.

பனியோட நிஜ உணர்வு வேணும்னா நிண்டெண்டோ 64ல் 1998ல் வந்த ‘1080’ ஸ்னோபோர்டிங்தான் ஒசத்தி, ஒத்துக்குறேன். ஆனா ரெண்டு பேர் உட்கார்ந்து கத்திக்கிட்டே ஆட ட்ரிக்கிதான். பழைய பிஎஸ்2 வச்சிருக்குற அண்ணனோ அக்காவோ தெரிஞ்சா, ஸ்க்ரீனை ரெண்டாப் பிரிச்சு ஆடிப் பாருங்க. கரிபால்டி டிராக்ல ஆரம்பிங்க.