அளவுகோல் யார் கையில்?

(கள்ளக்குறிச்சியில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



2024 சூன் திங்களில் இந்நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த நச்சுச்சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அத்துயரத்திற்குப் பின், "சாராயக் கடைகளை மூடுக" என்று இவ்வூர்த் தாய்மார் தம் சிறுவாட்டுக் காசைத் திரட்டி, தொலைக்காட்சியில் முப்பது நொடி விளம்பரம் செய்ய விரும்புவதாகக் கொள்வோம். இடம் கிடைக்குமா? அதுவே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

1994-ஆம் ஆண்டின் கம்பிவடத் தொலைக்காட்சி விதிகளுள் 7-ஆம் விதி, முழுமையாகவோ பெரும்பான்மையாகவோ சமய, அரசியல் நோக்கமுடைய விளம்பரம் கூடாதென்கிறது. சாராயத்தை நேராகவோ மறைமுகமாகவோ பரப்பும் விளம்பரமும் கூடாதென்கிறது. கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. நடைமுறை என்ன?

"கடையை மூடுக" என்பது அரசின் கொள்கையை மாற்றச் சொல்வது. ஆகவே அஃது அரசியலென்று தள்ளிவிட அவ்விதி இடந்தருகிறது. சாராய ஆலைக்காரனோ தன் சாராயத்தின் பெயரையே சோடாவுக்கும் குடிநீருக்கும் சூட்டிக்கொண்டு வருகிறான். 2009-இல் சேர்க்கப்பட்ட திருத்தம், திரைப்படச் சான்று வாரியத்தின் ஒப்புதலோடு அத்தகைய பொருளை விளம்பரப்படுத்த வழிவிட்டது. காட்டப்படுவது தண்ணீர், நினைவுக்கு வருவது சாராயம்!

இன்னொன்று கேளுங்கள். 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறைச் சாராய விற்பனை அரசு வாணிகக் கழகத்தின் கையில் உள்ளது. 2007-இல் தோன்றிய கம்பிவடத் தொலைக்காட்சி நிறுவனமும் அரசினுடையதே. அரசு தன் அருஞ்செயல்களை விளம்பரப்படுத்தினால் அதற்குச் 'செய்தி' என்று பெயர். மக்கள் முறையிட்டால் 'அரசியல்' என்று பெயர்! அரசு விளம்பரங்களில் முதலமைச்சர் படம் கூடாதென்று 2015-இல் தடுத்த உச்ச முறைமன்றமே, 2016-இல் அதற்கு இசைவளித்தது.

தேர்தல் காலத்தில் என்ன நிலை? 13-4-2004 அன்று உச்ச முறைமன்றம் அளித்த ஆணைப்படி, தேர்தல் ஆணையத்தின் முன்சான்று பெற்ற அரசியல் விளம்பரங்கள் ஒளிபரப்பாகின்றன. பதிவுபெற்ற கட்சியும் வேட்பாளரும் மூன்று நாள் முன்னதாகவும், ஏனையோர் ஏழு நாள் முன்னதாகவும் விண்ணப்பிக்க வேண்டும். காலக்கெடுவிலேயே வேற்றுமை! 2024-இல் தி.மு.க.வே தன் விளம்பரங்களுக்குச் சான்று மறுக்கப்பட்டதென்று சென்னை உயர் முறைமன்றத்தின் படியேறியது. ஆளுங்கட்சிக்கே அந்நிலையென்றால், மலையூர் மக்களுக்கு?

அதே ஆண்டில் தூர்தர்சன், எச்சூரி அவர்களின் தேர்தல் உரையினின்று 'வகுப்புவெறி வல்லாட்சி' என்னும் பொருள்பட்ட சொற்களை நீக்கச் சொன்னது. ஆங்கில உரையில் குற்றமாகப்பட்டது அதன் இந்திப் பெயர்ப்பில் குற்றமாகப் படவில்லை என்று அவரே சுட்டிக்காட்டினார். மொழிக்கு மொழி மாறும் முழக்கோலும் ஒரு கோலா?

அமெரிக்காவிலும் இதே கதைதான். 2004-இல் அரசின் கடன்சுமையைக் கண்டித்த விளம்பரத்தை, கருத்து மாறுபாட்டிற்குரியதென்று மறுத்தது சி.பி.எசு. தொலைக்காட்சி. 2010-இல் கருக்கலைப்பை எதிர்க்கும் அமைப்பொன்றின் விளம்பரத்தை அதே விளையாட்டுப் பெருவிழாவில் ஏற்றுக்கொண்டது.

"தடையை நீக்கினால் காசுள்ளவன் குரலே ஓங்காதா?" என்று நண்பர்கள் கேட்கலாம். முறையான கேள்வி. ஆனால் இப்போதும் காசுள்ளவன் குரல்தானே சோடாப் புட்டிக்குள்ளிருந்து ஒலிக்கிறது? ஆகவே நாம் கேட்பது கட்டற்ற வாணிகமன்று, ஒரே அளவுகோல். மறுத்தால் கரணியத்தை எழுத்தில் தருக. ஏற்றவை, மறுத்தவை ஆகியவற்றின் பட்டியலைத் திங்கள்தோறும் வெளியிடுக. 1977 தேர்தல் முதல் கட்சிகளுக்கு அரசு ஒலிபரப்பில் விலையின்றி நேரம் ஒதுக்கியது போல, பொதுமக்கள் அமைப்புகளுக்கும் ஒதுக்குக.

கல்வராயன் மலைமக்கள் 1976 வரை சாகீர்தாரர் ஆட்சியில் வாய்மூடிக் கிடந்தவர்கள். இன்று சாராய ஊறல் அழிப்புச் செய்தியில் அவர்கள் மலை திரைக்கு வருகிறது. அவர்கள் சொல் வருவதில்லை. அச்சொல்லுக்கு இடம் கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம்!